டெமோ இல்லாத கேமைத் திருட்டுப் பிரதியில் சோதித்துப் பார்ப்பது சரிதானா?

நள்ளிரவு ஆட்டக்காரன் (இழையைத் தொடங்கியவர்):

வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை இங்கே வைக்கிறேன். "முதலில் கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, பிரதியில் விளையாடிப் பார்ப்பேன், பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குவேன்" என்று நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொன்னபோது அதை மனதார நம்பவும் செய்தேன். சென்ற மாதம் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை முழுவதுமாக அழிக்க வேண்டி வந்தது. அழிப்பதற்கு முன்னால் அதில் கிடந்தவற்றை ஒரு தாளில் எழுதினேன். சோதித்துப் பார்ப்பதற்கென்று இறக்கியவை மொத்தம் 41. பிறகு வாங்கியவை 6. அதனாலென்ன, மற்றவை பிடிக்கவில்லை போலும் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சேவ் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, வாங்காத 35இல் 9ஐ நான் கடைசிக் காட்சி வரை முடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எந்த இடத்திலும் இருந்ததில்லை என்பதுதான் வியப்பு. யோசித்தபோது காரணம் ஒருவாறு பிடிபட்டது. டெமோ என்ற இலவச மாதிரிப் பதிப்பு ஓரிடத்தில் முடிந்துவிடும், திரை இருண்டு, "முழு விளையாட்டு வேண்டுமா?" என்று கேட்கும், நாமும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். திருட்டுப் பிரதியில் அந்தக் கேள்வி எழுவதற்கான இடமே கிடையாது. "வாங்கலாமா" என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கட்டம் வந்துவிடுகிறது, பிறகு ஏழாம் கட்டம், பிறகு முடிவுரை. முடித்த பின் எதற்கு வாங்குவது என்று தோன்றிவிடுகிறது.

இப்போது ஒரு சிறு குழு உருவாக்கிய உத்தி விளையாட்டு என்னிடம் அதே நிலையில் இருக்கிறது. டெமோ கிடையாது. ஏறத்தாழ 20 மணி நேரம் விளையாடிவிட்டேன். சில இடங்களில் அருமை, மூன்றாவது படலத்திலோ எதிரிகளின் முறை வரும்போதெல்லாம் விளையாட்டு உறைந்துபோய் எரிச்சலூட்டுகிறது. இதை நான் வாங்க வேண்டுமா, அல்லது "சோதித்தேன், குறை இருந்தது, விட்டுவிட்டேன்" என்று சொல்லும் உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா?

கீபோர்டு கிழவர்:

நண்பரே, நீங்கள் கண்டுபிடித்ததை 1993இலேயே தொழிலாக மாற்றிக் காட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டின் மூன்று பாகங்களில் முதல் பாகம் முழுவதும் இலவசம். நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். மற்ற இரண்டு பாகங்களுக்கு மட்டும் பணம் அனுப்ப வேண்டும். ஷேர்வேர் என்று அழைக்கப்பட்ட அந்த முறையின் சூட்சுமம், இலவசப் பகுதி அரைகுறையாக இல்லாமல் தன்னளவில் நிறைவாக இருந்ததும், சரியாகப் பசி ஏறும் இடத்தில் அது முடிந்ததும்தான். அன்று நகலெடுப்பவன் விற்பனையாளனுக்கு ஊதியம் வாங்காத முகவர். இன்று அதே செயலைச் செய்பவனுக்குப் பெயர் வேறு.

பிறகு பத்திரிகைகளோடு வந்த வட்டுகளில் டெமோக்கள் வந்தன. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியின் காலத்தில் அதன் ஆர்கேட் பிரிவில் விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் சோதனைப் பதிப்பு கட்டாயம் என்றே தொடக்கத்தில் விதி இருந்தது. விதி தளர்ந்ததும் டெமோ குறையத் தொடங்கியது. விற்பவன் தானாக விரும்பிக் கொடுத்ததைவிட, கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதால் கொடுத்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே டெமோ இல்லை என்பதைச் சாக்காக வைத்துப் பேசுபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, முழுவதும் இல்லை.

பிழைதிருத்தி:

நான் நால்வர் கொண்ட ஒரு குழுவில் நிரலாளராக இருக்கிறேன். நாங்கள் ஒரு விளையாட்டை டெமோவுடனும் ஒன்றை டெமோ இல்லாமலும் வெளியிட்டிருக்கிறோம் என்பதால் உள்ளிருந்து சிலவற்றைச் சொல்ல முடியும்.

டெமோ என்பது விளையாட்டின் முதல் அரை மணி நேரத்தை வெட்டிக் கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் எந்தப் பொத்தான் எதற்கு என்று கற்றுக்கொடுப்பதிலேயே போய்விடும். அதைக் கொடுத்தால் விளையாட்டின் உயிர் அதில் இருக்காது. நடுவிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்தால் வருபவருக்குக் கைப்பழக்கம் இருக்காது. எனவே டெமோவுக்கென்று தனியாக ஒரு கட்டத்தை வடிவமைத்து, சோதித்து, பிழை நீக்கி, முழு விளையாட்டு மாறும்போதெல்லாம் இதையும் மாற்றி, இரண்டு குழந்தைகளை ஒரே இடுப்பில் சுமக்க வேண்டியிருக்கும். வெளியீட்டுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் எங்களுக்குத் தூக்கமே இல்லாமல் போனதற்கு அந்த டெமோவும் ஒரு காரணம்.

இன்னொரு அச்சமும் உண்டு. 2013இல் வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஷெல், டைஸ் என்ற விளையாட்டுத் துறை மாநாட்டில் பேசும்போது எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனை விவரங்களைக் காட்டி, முன்னோட்டக் காணொளி மட்டும் வெளியிட்டு டெமோ கொடுக்காத விளையாட்டுகளே அதிகம் விற்றன என்றும், டெமோ விற்பனையைப் பாதியாக்குகிறது என்றும் சொன்னார். அந்தப் பேச்சு எங்களைப் போன்றவர்களை நெடுநாள் ஆட்டிவைத்தது. பெரிய விளம்பரப் பணம் உள்ள விளையாட்டுகளுக்கு டெமோ தேவைப்படுவதில்லை, அறிமுகமில்லாதவைதான் டெமோவை நாடுகின்றன என்பதால் அந்த ஒப்பீட்டிலேயே ஒரு கோணல் இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை ஆண்டுக்கு மூன்று முறை நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் முழுக்க முழுக்க டெமோக்களால் ஆனது. பெயர் தெரியாத குழுக்கள் அதில் இடம்பிடிக்க முண்டியடிக்கின்றன, ஏனென்றால் எங்களுக்குப் பயம் விற்பனை பாதியாவது அல்ல, நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போவது.

திருட்டுப் பிரதியைப் பற்றி ஒரு கணக்கு. 2013இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் கேம் டெவ் டைகூன் விளையாட்டை வெளியிட்டபோது, கிராக் செய்யப்பட்டது போன்ற ஒரு பதிப்பைத் தாங்களே டோரன்ட் என்ற கோப்புப் பகிர்வு வலையில் போட்டார்கள். அது விளையாட்டு நிறுவனம் நடத்தும் விளையாட்டு. அந்தப் பதிப்பில் ஓரளவுக்கு மேல் போனால், உங்கள் கற்பனை நிறுவனத்தின் கேம்களை எல்லோரும் திருடுவதால் நிறுவனம் திவாலாகிவிடும். முதல் நாளில் வாங்கி விளையாடியவர்கள் 214 பேர், திருட்டுப் பதிப்பில் விளையாடியவர்கள் 3,104 பேர். திவாலான சிலர் "திருட்டைத் தடுக்க இந்த விளையாட்டில் ஏதாவது வழி உண்டா?" என்று இணையத்தில் கேட்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத இடம் அது.

அந்த 3,104 பேரும் வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களில் பெரும்பாலோர் சோதித்துப் பார்க்கத்தான் இறக்கினார்கள் என்று நீங்கள் சொன்னாலும் ஒப்புக்கொள்ள முடியாது, ஏனென்றால் அந்த விளையாட்டுக்கு அப்போதே இலவச டெமோ இருந்தது.

சிக்கனச் சிட்டு:

இவ்வளவு யோசனை எதற்கு? ஸ்டீமில் 2015 முதல் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பி வந்துவிடும். நான் ஒவ்வொரு கேமையும் கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஒன்றரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட்டு, நாளைக்கு இதைத் திறக்கத் தோன்றுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆட்டக்காரன் அவர்கள் சொன்ன அந்தக் கேள்வி இங்கே தானாகவே வந்து நிற்கிறது.

ஆறாம் சுற்று:

சிட்டு அவர்களின் முறை சண்டை விளையாட்டுகளுக்கும் ஓட்டப்பந்தயங்களுக்கும் பொருந்தும். எனக்குப் பிடித்த பெரும் உத்தி விளையாட்டுகளில் முதல் இரண்டு மணி நேரம் என்பது பட்டியல்களைத் திறந்து மூடுவதற்கும், எந்தச் சாம்ராஜ்யத்தை எடுப்பது என்று தடுமாறுவதற்குமே போதாது. கதை சார்ந்த நெடிய விளையாட்டுகளில் உங்கள் பாத்திரத்தின் மூக்கை வடிவமைத்து முடிக்கும்போதே ஒரு மணி நேரம் போயிருக்கும். தவிர, என் கணினியில் ஓடுமா என்று அறிவதற்காக அமைப்புகளை மாற்றி மாற்றித் திறக்கிறேனே, அந்த நேரமும் கணக்கில் சேர்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் இதே கத்திக்கு முனை உண்டு. 2021இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாக இயங்கிவந்த ஒருவர், தாம் உருவாக்கிய விளையாட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் நல்ல மதிப்புரை எழுதியவர்கள்கூட முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று சொல்லி, விளையாட்டு உருவாக்குவதிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, விதிப்படி சரிதான். காசு வராததில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு மணி நேரம் என்ற ஒரே முழத்தால் எல்லாவற்றையும் அளப்பது கடைக்காரருக்கு வசதி, விளையாடுபவருக்கோ உருவாக்குபவருக்கோ அல்ல.

எனக்குத் தெரிந்து நியாயமான டெமோ 2018இல் ஆக்டோபாத் டிராவலருக்கு வந்தது. மூன்று மணி நேரம் விளையாடலாம், பிறகு வாங்கினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். விளையாடிய நேரம் வீணாகாது என்பதால் வாங்கும் மனம் தானாக வந்தது.

பழைய வட்டு:

எல்லோரும் விளையாடுபவனின் நேர்மையை மட்டுமே தராசில் வைக்கிறீர்கள். மறுதட்டையும் பாருங்கள். 2008இல் ஸ்போர் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் தொடக்கத்தில் மூன்று முறை மட்டுமே கணினியில் நிறுவலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டார். கிராக் செய்தவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2013இல் சிம்சிட்டி எப்போதும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டும் என்று வந்தது. வெளியான வாரத்தில் சர்வர்கள் திணறியதால் வாங்கியவர்கள் வரிசையில் காத்து நின்றார்கள், இணையமில்லாமல் விளையாடும் வசதி ஓராண்டு கழித்தே கிடைத்தது. 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் நிறுத்தப்பட்டன, தனியாக விளையாடியவர்களாலும் அதற்குப் பிறகு அதைத் திறக்க முடியவில்லை. நாம் "வாங்குகிறோம்" என்று சொல்வது உண்மையில் அனுமதிச் சீட்டு பெறுவதுதான். அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா 2024இல் சட்டமே இயற்றியது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அவற்றை விளையாட விரும்புபவன் யாரிடம் போய்க் காசு கொடுப்பது? டெமோக்களுக்கே இந்தக் கதிதான். 2014இல் இலவசமாக வந்த பி.டி. என்ற திகில் டெமோ, முழு விளையாட்டு கைவிடப்பட்டதும் 2015இல் கடையிலிருந்தே நீக்கப்பட்டது. ஒரு டெமோவையே திருட்டுத்தனமாகப் பாதுகாக்க வேண்டிய நிலை!

நெறியாளர்:

பழைய வட்டு எழுப்பியிருப்பது தனி இழைக்குரிய பொருள், தொடங்கினால் நானே வந்து எழுதுவேன். இங்கே, விற்பனையில் இருக்கும் ஒன்றைச் சோதிப்பதைப் பற்றி மட்டும் பேசுவோம். கிராக் கோப்புகளின் சுட்டிகளைத் தனிமடலில் கேட்பவர்கள் இந்த இழைக்கு வர வேண்டாம்.

பிழைதிருத்தி:

பழைய வட்டு அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கடையில் கிடைக்காததைத் தேடி எடுப்பவருக்கும், கடையில் இருப்பதை எடுத்துக்கொண்டு "கடைகள் நாளை மூடப்படலாம்" என்பவருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சோதிப்பதற்காக" என்ற சொல்லைப் பரிசோதிக்க ஒரு வழி இருக்கிறது. நகலெடுப்பதைத் தடுக்கும் டெனுவோ என்ற பாதுகாப்புப் பூட்டு 2014இல் வந்தது. அதைப் பயன்படுத்திய 86 விளையாட்டுகளை வில்லியம் வோல்க்மன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். வெளியான உடனேயே பூட்டு உடைக்கப்பட்டால் வருவாய் சராசரியாக 20 விழுக்காடு குறைகிறது. 12 வாரங்களுக்குப் பிறகு உடைக்கப்பட்டால் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: திருட்டுப் பிரதி கிடைத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார், கிடைக்காததால் வாங்கினார் என்று சொல்லத்தக்க ஒரு கூட்டம் உண்மையாகவே இருக்கிறது. அவர்கள் சோதித்துவிட்டு வாங்குபவர்களாக இருந்திருந்தால், பூட்டு உடைந்ததும் விற்பனை ஏறியிருக்க வேண்டும். அதே சமயம், பத்தில் எட்டுப் பங்கு வருவாய் அந்த நிலையிலும் நிற்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்று மாதம் கழிந்த பின்னும் பூட்டை அகற்றாமல் வைத்திருப்பதற்கு இந்த ஆய்வில் எந்த நியாயமும் இல்லை. அது வாங்கியவரைத் தண்டிப்பது மட்டுமே.

ஆறாம் சுற்று:

ஐரோப்பிய ஆணையத்துக்காக ஈகோரிஸ் நிறுவனம் செய்த ஆய்வு வேறுவிதமாகச் சொன்னதே? சட்டவிரோதப் பதிவிறக்கம் விளையாட்டுகளின் விற்பனையைக் கூட்டுகிறது என்றல்லவா அதில் வந்தது?

பிழைதிருத்தி:

அப்படி ஒரு மதிப்பீடு அதில் இருப்பது உண்மை. 2015இல் முடிந்து, 2017இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் யூலியா ரேடாவின் முயற்சியால் வெளியே வந்த அறிக்கை அது. ஆனால் மக்களிடம் கேட்டு எழுதிய விடைகளை வைத்துச் செய்யப்பட்ட அந்தக் கணக்கில் பிழை வரம்பு மிகப் பெரியது. புதிய திரைப்படங்களைத் தவிர மற்றவற்றில் திருட்டு விற்பனையைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் அடக்கமான முடிவு. "கிடைக்கவில்லை" என்பதை "இல்லை" என்று மாற்றிச் சொல்வதில் நம்மவர்கள் வல்லவர்கள். மேலும், சோதித்துவிட்டு வாங்கினீர்களா என்று என்னைக் கேட்டாலும் ஆம் என்றுதான் எழுதுவேன். ஆட்டக்காரன் அவர்களும் அந்தத் தாளை எழுதும் முன்பு அப்படித்தான் எழுதியிருப்பார்.

கீபோர்டு கிழவர்:

விலைதான் காரணம் என்று யாரும் இன்னும் சொல்லாததால் நானே சொல்லி, நானே மறுக்கிறேன். 2010இல் ஹம்பிள் இண்டி பண்டில் என்று ஐந்து விளையாட்டுகளைக் கட்டாகக் கட்டி, விரும்பிய தொகையைக் கொடுங்கள், ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும், அதுவும் நற்பணிக்குப் போகலாம் என்று விற்றார்கள். பூட்டு எதுவும் கிடையாது. அப்படியும் பதிவிறக்கங்களில் ஏறத்தாழ கால் பங்கு காசு கொடுக்காதவர்களுடையது என்று விற்றவர்களே மதிப்பிட்டார்கள். ஒரு சென்ட் கொடுக்க முடியாதவர்கள் அல்லர் அவர்கள். அட்டை எண்ணை உள்ளிட வேண்டுமே என்ற சோம்பல், அல்லது நண்பன் அனுப்பிய சுட்டி கையிலேயே இருந்தது. திருட்டு என்பது விலைப் பிரச்சினை என்பதைவிடச் சேவைப் பிரச்சினை என்று, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2011இல் சொன்னதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அவர் கடை வைத்திருப்பவர், அப்படித்தான் சொல்வார் என்பதையும் சேர்த்தே.

சிக்கனச் சிட்டு:

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று இறக்குபவர் தம் கணினியை வேறொருவர் சோதிக்கக் கொடுக்கிறார். 2021இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான அவாஸ்ட், கிராக்கோனோஷ் என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்த பிறகுதான் நான் கிராக் பக்கம் போவதை நிறுத்தினேன். அது புகழ்பெற்ற கேம்களின் கிராக் நிறுவிகளுக்குள் ஒளிந்திருந்து, விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோடு) தொடங்கச் செய்து, வைரஸ் தடுப்பு மென்பொருளை அழித்துவிட்டு, மோனெரோ என்ற கிரிப்டோ நாணயத்தை அந்தக் கணினியின் திறனைக் கொண்டே சத்தமில்லாமல் உருவாக்கிக்கொண்டிருந்தது. 2,22,000க்கும் மேற்பட்ட கணினிகள். "கேம் மெதுவாக ஓடுகிறது, மேம்படுத்தல் சரியில்லை" என்று எத்தனை பேர் உருவாக்கியவரைத் திட்டினார்களோ!

நள்ளிரவு ஆட்டக்காரன்:

சிட்டு அவர்களின் கடைசி வரி என்னைச் சுட்டது. வைரஸ் ஏதும் இல்லை, பார்த்துவிட்டேன். ஆனால் அதைப் படித்த பிறகு, மூன்றாவது படலத்தில் உறைகிறது என்று குறை சொன்னேனே, அது யாருடைய குறை என்று பார்க்கத் தோன்றியது. என்னிடம் இருந்த பிரதியின் பதிப்பு எண் 1.0. வெளியான நாளில் கிராக் செய்து, அதன்பின் யாரும் தொடாமல் விட்டது. கடைப் பக்கத்தில் மாற்றக் குறிப்புகளைத் தேடினால், எதிரிகளின் முறையில் விளையாட்டு உறையும் பிழை எட்டு மாதங்களுக்கு முன்பே நீக்கப்பட்டிருக்கிறது. நான் 20 மணி நேரம் சோதித்தது அவர்கள் இப்போது விற்கும் பொருளையே அல்ல.

நேற்றிரவு வாங்கிவிட்டேன். சேவ் கோப்பைப் புதிய பதிப்பு ஏற்க மறுத்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மற்ற ஒன்பதையும் வாங்குவேனா என்று கேட்காதீர்கள். இரண்டை வாங்கும் எண்ணம் இருக்கிறது, மற்றவற்றின் பெயரே எனக்கு மறந்துவிட்டது.

பிழைதிருத்தி:

மூன்றாவது படலத்துக்கு வந்ததும் எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். உறைந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு விவரத்தோடு அந்தக் குழுவுக்கே ஒரு பிழை அறிக்கை அனுப்பலாம். இப்போது தயங்காமல் அனுப்பலாம்.